வீடு வாங்கி முடித்த பிறகு சொலிசிட்டர் பில் வந்தால்: கட்டுவதா, கேட்பதா, மோதுவதா?

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வீடு வாங்கி, சாவியும் கைக்கு வந்து, குடியேறிப் பல மாதங்கள் கழித்து, வாங்கும் வேலையைச் செய்து கொடுத்த சொலிசிட்டரிடமிருந்து (வக்கீல்) இன்னொரு பில் வருவதுண்டு. தொல்லை விட்டது என்று உடனே கட்டிவிடுவார்கள் சிலர். இத்தனை நாள் கழித்து என்ன பில் என்று தூக்கிப் போடுவார்கள் சிலர்.

தூக்கிப் போடுவதுதான் இருப்பதிலேயே மோசம். தாமதமாகக் கேட்டதாலேயே கடன் இல்லையென்று ஆகிவிடாது. வேலை முடிந்ததிலிருந்து பொதுவாக 6 ஆண்டுகள் வரை சொலிசிட்டர்கள் வழக்குப் போடலாம்.

உடனே கட்டுவது சில பில்களுக்குச் சரி. லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகை) ஃபிளாட் வாங்கியவருக்காக ஃப்ரீஹோல்டரின் (நிலத்துச் சொந்தக்காரர்) ஏஜென்டுக்கு, வீடு கைமாறியதைத் தெரிவிக்கும் நோட்டீஸ் கட்டணத்தைச் சொலிசிட்டர் செலுத்தி, அதைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தால், அது உங்களுக்காக அவர்கள் போட்ட காசு. ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். ஆனால் காரணம் புரியாத பில்லைக் கட்டாதீர்கள். கட்டிய பில்லை மறுபடி ஆராய நீதிமன்றம் விசேஷ காரணம் கேட்கும்.

என் ஓட்டு எழுத்தில் விவரம் கேட்பதற்குத்தான். அதற்கு முன், வீடு வாங்கும்போது சொலிசிட்டர் கொடுத்த வரவு செலவுக் கணக்கான கம்ப்ளீஷன் ஸ்டேட்மென்டையும் புதிய பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். ஏற்கெனவே கழித்த லேண்ட் ரெஜிஸ்ட்ரி (சொத்துரிமையைப் பதியும் அரசுத் துறை) கட்டணம் மறுபடி வந்திருக்கிறதா? சொலிசிட்டரின் உழைப்புக்கு 20% வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. லேண்ட் ரெஜிஸ்ட்ரி கட்டணத்துக்கும் ஸ்டாம்ப் ட்யூட்டிக்கும் (வீடு வாங்குவதற்கான வரி) கிடையாது. அதன்மேலும் வாட் போட்டிருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். ‘கூடுதல் வேலை’ என்று மொட்டையாக ஒரு வரி இருந்தால், அந்தச் செலவை முன்கூட்டி எந்தக் கடிதத்தில் சொன்னீர்கள் என்று கேளுங்கள். செலவு ஏறும்போது வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை.

பதில் திருப்தி இல்லையா? அப்புறம் இரண்டு வழி. ஒன்று, வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்பட்ஸ்மன். அங்கே போக உங்களுக்குச் செலவில்லை. முதலில் சொலிசிட்டர் அலுவலகத்துக்கே புகார் கொடுத்து 8 வாரம் அவகாசம் தர வேண்டும். அவர்களின் இறுதிப் பதில் வந்தால் 6 மாதத்துக்குள் போய்விட வேண்டும். இன்னொன்று, 1974ஆம் ஆண்டு சொலிசிட்டர்ஸ் சட்டப்படி பில் தொகை நியாயமானதா என்று மதிப்பிடச் சொல்லி நீதிமன்றம் போவது. பில் வந்த ஒரு மாதத்துக்குள் கேட்டால் அது உங்கள் உரிமை. பிறகு நீதிமன்றத்தின் விருப்பம். பில் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் மதிப்பீட்டுச் செலவு பொதுவாக சொலிசிட்டர் தலையில். அவ்வளவு குறையாவிட்டால் உங்கள் தலையில். சில நூறு பவுண்டுக்கு இந்தச் சூதாட்டம் வேண்டாம், ஆம்பட்ஸ்மன் போதும். பல்லாயிரம் என்றால் அந்த ஒரு மாதம் கடக்கும் முன் வேறொரு வக்கீலைப் பாருங்கள். நீங்கள் விவரம் கேட்டுக் காத்திருப்பதால் அந்தக் கெடு நிற்காது.

சொலிசிட்டருக்கு எழுதும் கடிதத்தின் தலைப்பில் ‘புகார்’ என்றே போடுங்கள். ‘ஒரு சின்னச் சந்தேகம்’ என்று பணிவாக எழுதினால், 8 வாரம் எப்போது தொடங்கியது என்பதே தனிச் சண்டையாகிவிடும்.