பழுதான ஃபியூயல் பம்ப்: அசலே போதுமா, 255 வேண்டுமா, 450 வேண்டுமா?

2000-களின் நடுவில் இந்தியாவில் விற்பனையான முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினிலிருந்து 150 குதிரைத்திறன் தந்தது. இன்றும் ஓடிக்கொண்டிருப்பவற்றில் ரீமேப் செய்யப்படாத (இன்ஜின் கணினியின் நிரலை மாற்றித் திறனைக் கூட்டாத) கார் என் கண்ணில் படுவது அரிது. நண்பர் ஒருவரின் காரும் அப்படித்தான்: வேறு பாகங்களைத் தொடாத ஸ்டேஜ் 1 ரீமேப், ஏறத்தாழ 200 குதிரைத்திறன். சென்ற கோடையில் டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் அதன் ஃபியூயல் பம்ப் முனகத் தொடங்கி, மதிய வெயிலில் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, பிறகு மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தால் 4,500 ஆர்பிஎம்முக்கு மேல் திணறலாயிற்று. அசல் பம்பையே மீண்டும் போடுவதா, மணிக்கு 255 லிட்டர் தள்ளும் வால்ப்ரோ நிறுவனப் பம்பைப் போடுவதா, 450 லிட்டர் பம்புக்கே போய்விடுவதா என்பதுதான் அவருடைய கேள்வி.

பம்புதான் பழுதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்த ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக் கார்களில், பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும், 409 என்று எண் பொறித்த ரிலேவின் சால்டர் விரிசல் விட்டாலே, பம்ப் செத்ததுபோன்ற அறிகுறிகள் அத்தனையும் தோன்றும். நண்பரின் காரில் ரிலே நன்றாகவே இருந்தது. பின் இருக்கையைத் தூக்கி, மூடியைக் கழற்றிப் பார்த்தபோது பம்பின் கனெக்டரில் ஓர் உலோகப் பின் பழுப்பேறி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகியிருந்தது. பேட்டரியில் 13.9 வோல்ட் இருக்க, பம்புக்கு 11.3 தான் வந்துகொண்டிருந்தது. இந்த அளவுக்கு மின்னழுத்தம் குறைந்தால் எந்தப் பம்பும் அதன் அட்டையில் போட்டிருக்கும் அளவைத் தராது; புதிய 450-ஐ அதே கனெக்டரில் மாட்டினால் உருகல் விரைவாகும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

கனெக்டரைச் சரிசெய்த பிறகு, பிரஷர் கேஜை நீண்ட குழாயுடன் இணைத்து, முன்கண்ணாடியின் வெளிப்புறம் டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்தோம். இந்த இன்ஜினில் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) சுமார் 2.5 பார், வேக்யூம் குழாயைக் கழற்றினால் 3 பார் காட்ட வேண்டும். இரண்டும் சரியாகவே இருந்தன. பெரும்பாலான பட்டறைகள் இத்துடன் நிறுத்திக்கொள்வதால்தான் தவறான முடிவு வருகிறது. டர்போ 1 பார் பூஸ்ட் தரும்போது, எரிபொருள் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதையும் சேர்த்து 4 பாரைக் கேட்கும். அந்த நேரத்தில் முள் 3.6-க்கு நழுவியது. ஆக வயரிங், பம்ப் இரண்டுமே பழுது. பூஸ்டில் எரிபொருள் குறைந்தால் கலவை லீனாகி (காற்று மிகுந்து), வெப்பம் ஏறி, கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் தொடங்கும். பிஸ்டனின் விலையோடு ஒப்பிட்டால் எந்தப் பம்பும் மலிவுதான்.

இனி கணக்கு. டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் எரிபொருள் என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 200 குதிரைத்திறனுக்கு 54 கிலோ. லிட்டரில் 73 அளவில் வரும். இதற்கு மேல், 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்ரோலின் முழு எரிதலுக்கான காற்று விகிதம் 14.7, எத்தனாலுக்கு 9 என்பதால், 20 சதவீதக் கலப்புக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவைப்படுகிறது. ஆக 80 லிட்டர். டர்போவையே மாற்றி 260 குதிரைத்திறனுக்குப் போனாலும் தேவை 105-ஐத் தாண்டாது. பம்பின் பெயரோடு ஒட்டிவரும் 255, 450 என்ற எண்கள் குறைந்த பிரஷரில் அளந்தவை என்பதால் அவற்றை இந்த 80-உடன் நேராக ஒப்பிடக் கூடாது. 4 பாரில் 255 பம்ப் ஏறத்தாழ 200 லிட்டரே தரும். ஆனால் அதுவே நமது தேவையைப் போல இரண்டரை மடங்கு.

அசல் தரத்திலான புதிய பம்பின் பலம், அது எதையும் மாற்றச் சொல்லாததுதான். டேங்கில் பம்ப் உட்காரும் கூடை, மிதவை, ஃபியூஸ், ரெகுலேட்டர் எல்லாம் அதற்காகவே அமைந்தவை, சத்தமும் குறைவு. ஸ்டேஜ் 1-க்கு நல்ல நிலையிலுள்ள அசல் பம்ப் போதும் என்பதற்கு, இந்தக் காரே ரீமேப்புக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் குறையின்றி ஓடியது சாட்சி. குறை என்றால், இதற்கு மேல் வளர இடம் அதிகம் இல்லை.

255-இன் வாதம் வலுவானதுதான். பெரிய டர்போ போடும் திட்டம் இருந்தால், 300 குதிரைத்திறனைத் தாண்டியும் இது கைவிடாது. விலை வேறுபாடும் பெரிதல்ல. ஆனால் பழைய கூடைக்குள் அதைப் பொருத்த ஹோஸை வெட்டி, புதிய கிளாம்ப் போட்டு, அடியிலுள்ள சல்லடையையும் மாற்ற வேண்டும். இந்த வேலையில் ஒரு கிளாம்ப் தளர்ந்தால் டேங்குக்குள்ளேயே பிரஷர் கசிந்துவிடும். கூடவே, பேட்டரியிலிருந்து தனி ரிலே வழியாகத் தடித்த வயர் இழுப்பது நல்லது. இந்தப் பம்பின் பெயரில் போலிகள் சந்தையில் மலிந்திருப்பதையும் மறக்கக் கூடாது. பாதி விலைக்குக் கிடைத்தால் அது வேறு பொருள் என்றே கொள்ளலாம். “டேங்கை எப்படியும் திறக்கிறோமே, இப்போதே பெரிதாகப் போட்டால் கூலி மிச்சம்” என்பது டேங்கையே கீழே இறக்க வேண்டிய கார்களுக்குப் பொருந்தும் பேச்சு. இங்கே பின் இருக்கையின் அடியில் ஒரு மூடியும் ஒரு வளையமும்தான். நாளை மீண்டும் திறக்க ஒரு மணி நேரம் போதும்.

450 இந்தக் காருக்கு வெறும் சுமை. ஐடிலில் இன்ஜின் குடிப்பது மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். மிச்சம் அத்தனையும் ரெகுலேட்டரைக் கடந்து, ஒல்லியான ரிட்டர்ன் லைன் வழியே டேங்குக்குத் திரும்பியாக வேண்டும். திரும்ப முடியாமல் அடிப்படைப் பிரஷர் ஏறி, கலவை ரிச் ஆகி (பெட்ரோல் மிகுந்து), பிளக்குகள் கரி பிடிக்கும். சுழன்று சுழன்று டேங்கிலுள்ள பெட்ரோலும் சூடேறும். மின்சாரத்திலும் அது 15 ஆம்பியரை ஒட்டி இழுப்பதால் அசல் வயரிங் தாங்காது. ரெகுலேட்டர், ரிட்டர்ன் லைன், வயரிங் மூன்றையும் மாற்றத் துணிந்தவருக்கே அது.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கார்களிலிருந்து கழற்றி விற்கும் பழைய பம்பைப் பற்றி ஒரே வரி: அதன் வயதும் உங்கள் பம்பின் வயதேதான்.

நண்பர் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு டர்போவைத் தொடப்போவதில்லை என்று உறுதியாகச் சொன்னதால், அசல் தரப் பம்பையே பரிந்துரைத்தேன். கூடவே புதிய ஃபில்டர், புதிய கனெக்டர், ஒரு 409 ரிலே. பழைய பம்பை வெளியே எடுத்தபோது அதன் சல்லடை தார் பூசியதுபோல் கருத்திருந்தது. இ20 பழைய டேங்கின் படிவுகளைக் கரைத்துக் கொண்டுவந்திருக்கலாம் என்பதால், டேங்கைத் துடைத்த பிறகே புதியதை இறக்கினோம். அதே சாலையில், அதே மூன்றாவது கியரில், முள் 4 பாரில் நின்றது. கண்ணாடியில் ஒட்டிய டேப்பின் பசை மட்டும் இன்னும் போகவில்லை.