லைன் விழாதபோது எது வாய் திறக்கும்? கட்டளை வரியில் மோடம் இணைக்கும் நான்கு வழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மோடம் மாட்டுகிறவர்களுக்கு வேகத்தை வைத்து மென்பொருள் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. எதைக் கொண்டு டயல் செய்தாலும் செம்புக் கம்பியில் ஓடுவது அதே ஓட்டம்தான். வி.90 மோடம் என்றால் இறங்குவதற்குப் பெயரளவில் 56 கிலோபிட், ஏற்றுவதற்கு 33.6. தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளி, செம்பனைக்கு நடுவே இருக்கும் தோட்ட ஆபீசுக்கு அதுவும் முழுசாக வந்து சேராது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: லைன் கிடைக்காமல் போனால் ஏன் என்று சொல்கிறதா, இல்லை வாயை மூடிக்கொள்கிறதா?

ஏனென்றால் அங்கே கணினிக்குப் பக்கத்தில் இருக்கப்போவது நாம் இல்லை, கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. மழை கொட்டி முடிந்த சாயங்காலம் அவருடைய கைப்பேசியிலிருந்து அழைப்பு வரும். “தம்பி, பெட்டி கீச்சுக்கீச்சுன்னு கத்துது, அப்புறம் ஒண்ணும் இல்ல.” இதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. “திரையில என்ன எழுதியிருக்கு, ஐயா?” என்று கேட்டால் அவர் படித்துச் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் பலர் ஏளனமாகப் பார்க்கும் விண்டோசின் ராஸ்டயல் கட்டளை நல்ல மதிப்பெண் வாங்குகிறது. (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து.) இணைப்புக்கு ஒரு பெயர் கொடுத்து முதலில் ஜன்னலில் உருவாக்கி வைத்துவிட வேண்டும். அதன்பிறகு ராஸ்டயல், இணைப்பின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், அவ்வளவுதான். தோற்றால் ஒரு எண்ணைக் காட்டும். 680 என்றால் டயல் டோன் இல்லை, ஒயரைப் பாருங்கள். 676 என்றால் அந்தப் பக்கம் லைன் பிஸி. 678 என்றால் யாரும் எடுக்கவில்லை. 691 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தப்பு. ஆங்கிலம் தடுமாறுகிறவர்கூட மூன்று இலக்கத்தைப் பிழையில்லாமல் வாசித்துவிடுவார். குறை என்னவென்றால், அதற்கு மேல் அது பேசாது. மோடத்துக்கு என்ன கட்டளை போனது, அது என்ன பதில் சொன்னது என்று பார்க்க வேறு இடத்தில் தோண்ட வேண்டும். கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதி ஒரு பேட்ச் கோப்பில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) போட்டுவிட்டால், ஆபீசுக்கு வருகிற போகிற யாரும் அதைத் திறந்து பார்க்கலாம்.

லினக்ஸ் பக்கம் வந்தால் முதலில் எல்லாரும் தொடுவது டபிள்யூவிடயல் என்ற டயல் நிரல். இதன் துணை நிரலான டபிள்யூவிடயல்கான்ஃப், சீரியல் வாசல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மோடம் எங்கே இருக்கிறது, எந்த வேகத்துக்குப் பதில் சொல்கிறது என்று கண்டுபிடித்து அமைப்புக் கோப்பை எழுதிக் கொடுக்கும். நாம் நிரப்ப வேண்டியது தொலைபேசி எண், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும்தான். டெலிகோம் மலேசியாவின் டிஎம்நெட் இணையச் சேவை இருந்த காலத்தில் அந்த எண் 1515. மறுமுனை பெயர் கேட்காமலே நேராகப் பிபிபி (தொலைபேசி லைனில் இணையத் தரவை ஓட்டும் முறை) பேசத் தொடங்கும் ரகமாக இருந்தால் ‘ஸ்டுபிட் மோட்’ என்று ஒரு வரி இருக்கிறது, அதற்கு ‘யெஸ்’ போட வேண்டும். பெயரைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம், பாதிப் பிரச்சினை அதில்தான் தீரும்.

டபிள்யூவிடயலின் அருமை, மோடத்தோடு நடக்கிற உரையாடல் முழுவதையும் திரையிலேயே கொட்டுவது. கிராணியை வைத்துக்கொண்டு ஒரு பிரச்சினையைத் துருவ இது போதும். ஆனால் அது முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல். யாராவது அந்த ஜன்னலை மூடினால் இணைப்பும் போய்விடும். ராத்திரி தானே டயல் செய்து கணக்கை அனுப்பிவிட்டு வைக்கிற வேலைக்கு இதை நான் நம்ப மாட்டேன்.

அந்த வேலைக்கு, பிபிபி இணைப்பைப் பின்னணியில் நடத்தும் பிபிபிடிதான். டபிள்யூவிடயலும் உள்ளே இதைத்தான் கூப்பிடுகிறது, எண் அடித்து முடித்ததும் பொறுப்பைப் பிபிபிடியிடம் ஒப்படைத்துவிடுகிறது. நேராகப் பிபிபிடியைப் பயன்படுத்தும்போது எண் அடிக்கும் பகுதியைச் சாட் என்ற சின்ன நிரலுக்கு நாமே எழுதித் தர வேண்டும். எதை எதிர்பார்க்க வேண்டும், வந்ததும் எதை அனுப்ப வேண்டும் என்று ஜோடி ஜோடியாகப் போகும் (இந்த வரிகளை மட்டும் ஆங்கிலப் பேரெழுத்தில் தட்ட வேண்டும்):

அபார்ட் பிஸி
அபார்ட் 'நோ கேரியர்'
அபார்ட் 'நோ டயல்டோன்'
'' ஏடிஇசட்
ஓகே ஏடிடிடி9,1515
கனெக்ட் ''

முதல் மூன்று வரியும் ‘இது வந்தால் நிறுத்திவிடு’. நான்காவது, எதையும் எதிர்பாராமல் மோடத்தைத் துடைத்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருகிறது. ஐந்தாவதில் அந்த 9 வெளி லைன் எடுப்பதற்கு. பல தோட்ட ஆபீசுகளில் உள் தொலைபேசிகளை இணைக்கும் ஒரு சிறிய பிஏபிஎக்ஸ் பெட்டி இருக்கும், நேராக 1515 அடித்தால் மானேஜர் அறையில்கூட மணி அடிக்காது. காற்புள்ளி ஒரு நிறுத்தம், பெரும்பாலான மோடங்களில் 2 நொடி. போதவில்லை என்றால் இரண்டு காற்புள்ளி போடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பிஏபிஎக்ஸ் தரும் டயல் டோனைச் சில மோடங்கள் அடையாளம் காணாமல், லைன் நன்றாக இருந்தும் ‘நோ டயல்டோன்’ என்று அடம் பிடிக்கும். எக்ஸ்3 சேர்த்தால், அதாவது ஏடிஎக்ஸ்3டிடி என்று எழுதினால், டோனுக்குக் காத்திருக்காமல் அடித்துவிடும். பிரச்சினை தீர்ந்தது, ஆனால் அதோடு ஒரு தகவலும் போய்விட்டது. இடி விழுந்து கம்பி அறுந்திருந்தாலும் இனிமேல் மோடம் காற்றிலேயே எண்ணை அடித்துவிட்டு, ரொம்ப நேரம் கழித்து ‘நோ கேரியர்’ (மறுமுனை மோடம் பேசவில்லை) என்று மட்டும் சொல்லும். அதனால் எக்ஸ்3-ஐ வழக்கமாகப் போடாதீர்கள். தேவைப்பட்ட ஆபீசுக்கு மட்டும் போட்டு, அங்கே எக்ஸ்3 இருக்கிறது என்று மோடத்தின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

கடவுச்சொல் பாப்-சீக்ரெட்ஸ், சாப்-சீக்ரெட்ஸ் என்ற கோப்புகளில் தனியாக இருக்கும், ரூட் (கணினியின் நிர்வாகி கணக்கு) மட்டும் படிக்கும்படி வைக்கலாம். ராஸ்டயல் பேட்ச் கோப்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். இதையெல்லாம் கையால் எழுதச் சலிப்பாக இருந்தால் டெபியன் லினக்ஸில் பிபிபிகான்ஃபிக் இருக்கிறது, கேள்வி கேட்டுக் கோப்புகளை உருவாக்கிவிடும். பிறகு பான் என்றால் இணைப்பு, பாஃப் என்றால் துண்டிப்பு, பிலாக் என்றால் பதிவின் கடைசி வரிகள். கிராணிக்கு நான் சொல்லிக் கொடுப்பது இந்த மூன்று சொல்தான். அவர் கணக்கை டிப் குழுவிலும், பிலாக் படிப்பதற்கு adm குழுவிலும் சேர்த்துவிட்டால் ரூட் கடவுச்சொல்லும் தர வேண்டாம்.

பதிவில் ஒரு வரி மட்டும் எல்லாரையும் குழப்பும். இணைப்பு கிடைத்து, ஐபி முகவரியும் வந்துவிட்டது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. ஆபீஸ் நெட்வொர்க் ஒயர் வழியாக ஏற்கெனவே ஒரு இயல்புப் பாதை (இணையத்துக்கு எந்த வழியாகப் போவது என்ற அமைப்பு) இருந்தால், டீஃபால்ட்ரூட் என்று எழுதியிருந்தாலும் பிபிபிடி அதன் மேல் கை வைக்காது. ‘இருக்கும் பாதையை மாற்றவில்லை’ என்று பதிவில் சொல்லிவிட்டுப் போய்விடும். டபிள்யூவிடயலிலும் இதே கதைதான், ஆனால் அங்கே ஓடும் வரிகளின் கூட்டத்தில் அது கண்ணில் படாமல் போகும்.

நான்காவது வழி, லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் என்எம்சிஎல்ஐ, அதோடு மோடம்மேனேஜரின் எம்எம்சிஎல்ஐ. பழைய தொலைபேசி லைனுக்கு நெட்வொர்க்மேனேஜர் ஆகாது. சிம் போட்ட யூஎஸ்பி குச்சிக்கு இதைவிட வசதியானது இல்லை. எம்எம்சிஎல்ஐயில் மோடத்தைக் கேட்டால் சிக்னல் எத்தனை சதவீதம், எல்டிஇயா வேறா, சிம் இல்லையா, பின் எண் கேட்டு நிற்கிறதா, இன்னும் நெட்வொர்க்கைத் தேடுகிறதா என்று நிலையைச் சொல்லிவிடும். அதே குச்சியைப் பிபிபிடி கொண்டு *99# அடித்து எழுப்பவும் முடியும், ஆனால் புதிய குச்சிகள் க்யூஎம்ஐ, எம்பிஐஎம் என்ற வேறு முறைகளில் பேசுபவை. சீரியல் வழியாக அவற்றை இழுப்பது வேகத்தை வீணாக்குவது.

மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய 3ஜி குச்சியை மட்டும் நம்பாதீர்கள். மலேசியாவில் 3ஜி 2021 முடிவோடு நிறுத்தப்பட்டது. அந்தக் குச்சிகள் 2ஜிக்கு இறங்கி நிற்கும், கட்டளை சரியாக இருந்தும் ஒன்றும் நகராது.

மோடம்மேனேஜருக்கு இன்னொரு கெட்ட பழக்கம். அதன் பழைய பதிப்புகள் புதிதாகச் சொருகிய சீரியல் சாதனத்திடமெல்லாம் ‘நீ மோடமா?’ என்று ஏடி கட்டளை அனுப்பிப் பார்க்கும். எடை பார்க்கும் கருவி அதே கணினியில் சீரியல் ஒயரில் இருந்தால், திடீரென்று தப்பான எழுத்துகள் போய் அது திணறும். மோடம்மேனேஜர் அந்தச் சாதனத்தைத் தொடாதபடி லினக்ஸில் சாதனங்களை அடையாளம் காணும் யூடெவுக்கு ஒரு விதி எழுதி வைத்துவிட வேண்டும்.

பில் விஷயத்திலும் இவை ஒன்றுபோல் இல்லை. நிமிடக் கணக்கில் காசு போகும் லைனில் இணைப்பை அறுக்க மறப்பது பெரிய செலவு. டபிள்யூவிடயல் தானாக மறுபடி இணைத்துக்கொள்ளும் குணத்தோடுதான் வருகிறது. அதை நிறுத்தி, ஐடில் செகண்ட்ஸ் என்ற வரியையும் போட வேண்டும். பிபிபிடியில் ஐடில் 300 என்றால் 5 நிமிடம் சும்மா இருந்ததும் வைத்துவிடும். பெர்சிஸ்ட் (அறுந்தால் மறுபடி இணை) போட்டிருந்தால் மட்டும் கவனம். மேக்ஸ்ஃபெயில் (எத்தனை முறை தோற்றால் விட்டுவிடுவது) 10-ல் நிற்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதைச் சுழியம் ஆக்கினால் லைன் கிடைக்கும்வரை விடிய விடிய அடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம், மின்னஞ்சல் நிரல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும்படி இருந்தால் இந்த ஐடில் எதுவும் வேலைக்கு ஆகாது. முதலில் அதை அணையுங்கள்.