தள்ளுபடியில் வரும் கோல்ஃப் ஷூ: பில் போடும் முன் சோலை அமுக்கிப் பாருங்கள்

பெட்டி புதுசு. டேக் அறுபடவில்லை. தோலில் ஒரு சுருக்கம் கிடையாது. விலை மட்டும் பாதிக்குப் பாதி. சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொண்டு கோர்ஸில் இறங்கினால், ஐந்தாறு ஹோல் போவதற்குள் குதிகாலுக்குக் கீழே ஏதோ நசநசவென்று இருக்கும். குனிந்து பார்த்தால் நுரை துண்டு துண்டாக உதிர்ந்துகொண்டிருக்கும். ஒன்பதாவது ஹோல் வருவதற்குள் முன்பக்கம் வாயைப் பிளந்துவிடும். கடைக்குத் திரும்பிப் போனால் பதில் தயாராக இருக்கிறது: “ஈரத்துல போட்டீங்களா சார்? அதான். அடியில இருக்கிற கிளீட்ல மண்ணு பட்டாச்சு, இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது.”

இது நீங்கள் போட்டதால் வந்த கேடு அல்ல. பெட்டிக்குள்ளேயே நடந்து முடிந்த வேலை.

ஷூவின் மேல்பகுதிக்கும் தரையைத் தொடும் சோலுக்கும் நடுவில் மெத்தென்று ஓர் அடுக்கு இருக்கும், மிட்சோல். அது பெரும்பாலும் ஈ.வி.ஏ. நுரையாக இருக்கும், இல்லையென்றால் பாலியூரித்தேன். இந்தப் பாலியூரித்தேன் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். அந்த ஈரமே அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். சூடும் புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் வேகம். போடாமல் வைத்திருந்தால் ஷூ அப்படியே இருக்கும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. குடோனில் வருடக்கணக்கில் கிடந்த ஜோடி வெளியே பளபளக்கும், உள்ளே உளுத்த மரம். ஈ.வி.ஏ. இப்படி உதிராது, ஆனால் நாளானால் இறுகும்; ஒட்டப் பயன்பட்ட பசையும் உயிர் இழக்கும்.

எனவே தள்ளுபடி என்றால் முதலில் தேட வேண்டியது தயாரித்த தேதி. பல பிராண்டுகளில் ஷூவின் நாக்குப் பகுதிக்கு உள்பக்கம் தைத்திருக்கும் சின்ன லேபிளில் மாதமும் ஆண்டும் இருக்கும். நாலைந்து ஆண்டு தாண்டிவிட்டது என்றால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் கீழே வைத்துவிடுங்கள். லேபிளையே வெட்டி எடுத்திருந்தால் கேள்வியே கேட்க வேண்டாம், எழுந்து வாருங்கள். பெட்டியில் உள்ள மாடல் எண்ணும் சைஸும் இரண்டு ஷூவின் லேபிளோடும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். போலியும், இரண்டு வேறு ஜோடிகளைச் சேர்த்து ஒரு பெட்டியில் போட்டதும் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும்.

அடுத்தது கை வேலை. மிட்சோலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நல்ல நுரை உடனே எழும்பும். பள்ளம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, தூள் ஒட்டினாலோ அது முடிந்த கதை. பிறகு விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூவை வளைத்து, சோலும் மேல்பகுதியும் சேரும் கோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். முடி அளவு விரிசல் தெரிந்தாலும் வேண்டாம். “பசை போட்டுத் தர்றோம்” என்பார்கள். உதிர்கிற நுரையில் எந்தப் பசையும் நிற்காது. பிடித்துக்கொள்ள அங்கே திடமாக ஒன்றும் மிச்சமில்லை.

இனி கிளீட், அதாவது புல்லைப் பிடிக்கச் சோலின் அடியில் இருக்கும் குமிழ். ஒரு ஷூவின் அடியில் ஏழெட்டு பிளாஸ்டிக் கிளீட்கள் இருக்கும், தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். அடிக்கடி ஆடுபவர்களுக்குப் பதினைந்து இருபது ரவுண்டுக்கு (18 ஹோல் ஒரு ரவுண்டு) ஒருமுறை மாற்ற வேண்டி வரும். தார்ரோட்டிலும் கார் பார்க்கிங்கிலும் நடந்தால் அதற்கும் முன்னால். ஏமாற்று எங்கே என்றால், கிளீட் உட்காரும் குழியில். ஃபாஸ்ட் ட்விஸ்ட், ஸ்லிம்-லாக், பின்ஸ், கியூ-லாக், பழைய உலோக மரை என்று பூட்டும் முறை பலவகை. ஒன்றுக்கான கிளீட்டை இன்னொன்றில் மாட்ட முடியாது. மலிவான நகல் ஷூக்களில் இவற்றில் எதிலுமே சேராத குழி இருக்கும். முதல் செட் தேய்ந்ததும் மாற்றுக் கிளீட் எங்கும் கிடைக்காமல் முழு ஷூவும் குப்பைக்குப் போகும். வாங்கும்போதே “இதுக்கு எந்த சிஸ்டம்? மாற்று செட் இப்பவே கொடுங்க” என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

கடையில் கிளீட் மாற்றித் தரச் சொன்னால் பக்கத்திலேயே நில்லுங்கள். முறையாகச் செய்பவர் முதலில் பிரஷ்ஷால் மண்ணை எடுப்பார், இரண்டு முனை உள்ள கிளீட் ரெஞ்சை ஓட்டைகளில் ஆழமாக அழுத்தி, இடப்பக்கம் கால் சுற்று போலத் திருப்பிக் கழற்றுவார். வராவிட்டால் அந்த இடத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மறுபடி முயல்வார். புதியதைக் கையால் நேராக உட்காரவைத்து, வலப்பக்கம் பூட்டு விழும்வரை திருப்பி, அங்கேயே நிறுத்துவார். அவசரக்காரர் டிரில் மெஷினை எடுத்து முழு வேகத்தில் விடுவார். குழியின் பல் மழுங்கிவிடும். அடுத்த ரவுண்டில் ஈரப் புல்லில் காலைத் திருப்பும்போது கிளீட் தனியாகக் கழன்று விழும். குழியே சோலிலிருந்து பெயர்ந்து வந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை. தேய்ந்தது நாலுதான் என்று நாலை மட்டும் மாற்றுவதும் சரிப்படாது. உயரம் ஏறுக்குமாறாகி, கால் ஒரு பக்கம் சாயும்.

உலோக ஸ்பைக் உள்ள பழைய ஸ்டாக்கை “இது புரொபஷனல் மாடல்” என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைக் கீறுவதால் 1990-களிலிருந்தே கிளப்கள் ஒவ்வொன்றாக அவற்றை ஒதுக்கிவிட்டன. ஆட்ட விதி நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால் அந்தந்தக் கோர்ஸின் கமிட்டி தடை போடலாம், பெரும்பாலும் போட்டிருக்கும். குழி உலோக மரையாக இருந்தால் அதே மரையில் பிளாஸ்டிக் கிளீட் கிடைக்கும். அதை மாட்டிக் கொடுத்தால் மட்டும் பேசுங்கள்.

கழற்றும் கிளீட் இல்லாத ஸ்பைக்லெஸ் வகையில் வேறு கதை. 2010 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் அமெரிக்க வீரர் ஃப்ரெட் கப்பிள்ஸ் சாதாரண ஷூ போலத் தெரிந்த ஒன்றைப் போட்டு ஆடிய பிறகு இது பெரிய ஃபேஷன் ஆனது. நல்ல ஸ்பைக்லெஸ் ஷூ காய்ந்த ஃபேர்வேயில் (வெட்டிய புல் பாதையில்) அருமையாகப் பிடிக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் சோலிலேயே வார்த்த குமிழ்களை மாற்ற முடியாது. தேய்ந்தால் ஷூ முடிந்தது. “ஆபீஸுக்கும் போடலாம், கோர்ஸுக்கும் போடலாம்” என்ற விற்பனைப் பேச்சில் இந்தப் பாதி வராது. ஆபீஸுக்குப் போட்டால் குமிழ்கள் ரோட்டிலேயே கரைந்து, ஈரச் சரிவில் வழுக்கும். சாதாரண ஸ்னீக்கரின் அடியில் நாலு புள்ளி வைத்துக் கோல்ஃப் ஷூ என்று விற்பதையும் கண்டுபிடிக்கலாம். ஒரு கையில் குதிகாலையும் மறு கையில் முன்பகுதியையும் பிடித்து, துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். சுலபமாகத் திரும்பினால், பந்தை அடிக்க மட்டையை வீசும் ஸ்விங்கின்போதும் அப்படியே திரும்பும். மெத்தை உயரமாக வைத்த ஓட்டப்பந்தய ஷூவும் இதற்காகத்தான் சரிவராது: முன்னே போக வசதி, பக்கவாட்டில் தாங்காது.

சைஸ் விஷயத்தில் “போடப் போட லூஸாயிடும்” என்பதை நம்பவே நம்பாதீர்கள். அசல் தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. செயற்கை மைக்ரோஃபைபர் இரண்டிலும் அநேகமாக இளகாது. 18 ஹோல் நடந்தால் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் ஆகும். அதற்குள் கால் வீங்கும். எனவே மாலையில், ஆடும்போது போடும் அதே தடிமன் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும். பிறகு ஸ்விங் செய்து முடிக்கும் நிலையில் நில்லுங்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு எடை முழுக்க இடது காலின் வெளி ஓரத்துக்குப் போகும். அந்த நிலையில் சுண்டுவிரல் பக்கம் சோலைத் தாண்டிப் பிதுங்கினால் அகலம் போதாது. அகல அளவுள்ள மாடலைக் கேளுங்கள், ஒரு சைஸ் பெரிதாக அல்ல. பெரிய சைஸ் எடுத்தால் குதிகால் ஏறி இறங்கிக் கொப்புளம்தான் மிச்சம்.

வாட்டர்ப்ரூஃப் என்ற பெயரில் நடப்பது தனி வித்தை. ஜாக்கெட்டின் மேல் தண்ணீரை ஊற்றி “முத்து முத்தா உருளுது பாருங்க” என்று காட்டுவார்கள். உருள்வது மேலே பூசிய மருந்தால். சில துவைப்பில் அது போய்விடும். மழையைத் தடுப்பது உள்ளே உள்ள சவ்வும் தையல் மேல் ஒட்டிய டேப்பும். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் போட்டு, தோளிலும் அக்குளிலும் எல்லாத் தையலிலும் டேப் ஓடுகிறதா பாருங்கள். டேப் இல்லையென்றால் அது சாரலுக்கு மட்டும். லேபிளில் 10,000 மி.மீ. என்பதுபோல் எண் இருந்தால் அது துணி தாங்கும் நீரழுத்தம். தையல் ஒழுகினால் அந்த எண்ணால் பயனில்லை. போட்டுக்கொண்டே ஒரு முழு ஸ்விங் செய்யுங்கள். முதுகு இழுத்தாலோ, கை மணிக்கட்டுக்கு மேல் ஏறினாலோ வேண்டாம்.

ஷூவிலும் இதே ஏமாற்று உண்டு. நாக்குப் பகுதி இரண்டு பக்கமும் உடலோடு மடிப்பாகத் தைத்திருக்க வேண்டும். தனியாகத் தொங்கினால் பனிப்புல்லில் நடக்கும்போதே தண்ணீர் உள்ளே வரும், வெளியே என்ன எழுதியிருந்தாலும் சரி. நீர் புகாமைக்கு வாரண்டி எத்தனை ஆண்டு என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வாரண்டி முதல் மழையோடு சரி. நனைந்த ஷூவை ஹீட்டர் முன்னாலும் காரின் டிக்கியிலும் காயவைத்தால் பசை விட்டுப்போகும். இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் வையுங்கள்.

துணிமணிக்கு வருவோம். இங்கே பெரிய ஏமாற்று “எல்லா கிளப்பிலும் விடுவாங்க” என்ற ஒரே வரி. விட மாட்டார்கள். ஜீன்ஸ், பக்கவாட்டுப் பை வைத்த கார்கோ, இடுப்பில் நாடா உள்ள ஷார்ட்ஸ், காலர் இல்லாத டி-ஷர்ட் ஆகியவற்றை மறுக்கும் கிளப்கள் நிறைய. கழுத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தித் தைத்த மாக்-நெக் சட்டையைச் சிலர் ஏற்பார்கள், சிலர் வாசலிலேயே நிறுத்துவார்கள். டிவியில் ஷார்ட்ஸோடு வீரர்களைப் பார்த்தோமே என்றால், அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூர் 2019-ல் அதை அனுமதித்தது பயிற்சிக்கும், தொழில்முறை வீரரும் அமெச்சூரும் சேர்ந்து ஆடும் புரோ-ஆம் ஆட்டத்துக்கும்தான், போட்டிக்கு அல்ல. பெண்களுக்குக் கையில்லாத சட்டை பல இடங்களில் சரி, காலர் இருந்தால். டேக்கைக் கிழிக்கும் முன் நீங்கள் ஆடப்போகும் கிளப்புக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

துணியின் தரத்தைப் பொறுத்தவரை லேபிளைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. பாலியஸ்டரோடு கொஞ்சம் எலாஸ்டேன் என்ற நீளும் இழை கலந்திருந்தால் துணி இழுபட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும், சீக்கிரம் காயும். ‘ஸ்ட்ரெச்’ என்று முன்னால் எழுதிவிட்டு உள்லேபிளில் நூறு சதவீதம் பருத்தி என்று போட்டிருப்பதும் உண்டு. பருத்தி வியர்வையைக் குடித்து, கனத்து, முதுகில் ஒட்டிக்கொள்ளும். யு.பி.எஃப். 50 என்றால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் துணியைத் தாண்டும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் அந்தத் தடுப்பு வெகுவாகக் குறையும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல் தெளிவாகத் தெரிகிற துணியில் 50 என்று எழுதியிருந்தால் சந்தேகப்படலாம். வியர்வை உறிஞ்சும் துணியிலும் மழை ஜாக்கெட்டிலும் ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாதீர்கள், அது இழையை மூடிவிடும்.

கிளவுஸில் ஆன்லைன் குழப்பம் அதிகம். வலக்கை ஆட்டக்காரர் போடுவது இடது கையில். பெட்டியில் ‘லெஃப்ட் ஹேண்ட்’ என்றிருந்தால் இடக்கைக்காரருக்கு என்று நினைத்து மாற்றி வாங்கி, பிரித்த பிறகு திருப்பவும் முடியாமல் நிற்பவர்கள் பலர். ‘கேடட்’ என்றால் சிறுவர் அளவு அல்ல, உள்ளங்கைக்கு ஏற்ப விரல் குட்டையான கைக்கானது. வெல்க்ரோ கடைசிவரை போய் ஒட்டினால் சைஸ் பெரிது. தோல் இளகும் என்பதால், முதலில் வெல்க்ரோ முழுக்க மூடாமல் கொஞ்சம் இடைவெளி விடும்படி இறுக்கமாகவே எடுங்கள்.

வாங்கியாகிவிட்டது என்றால், தரையில் வைக்கும் முன் சோல், கிளீட், தேதி லேபிள், பெட்டி லேபிள் நான்கையும் போட்டோ எடுங்கள். இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் கார்ப்பெட் மேல் மட்டும் அரைமணி நேரம் நடங்கள். சோல் சுத்தமாக இருக்கும்வரை பெரும்பாலும் திருப்பித் தரலாம். பில்லில் ‘ஷூ – 1’ என்று போட்டால் ஏற்காதீர்கள், மாடல் எண்ணும் சைஸும் வேண்டும். சோல் பிரிந்துவிட்டால் நீங்களே ஒட்டாதீர்கள், உதிர்ந்த துண்டுகளையும் எறியாதீர்கள். ஒரு கவரில் போட்டு, தேதி லேபிள் போட்டோவோடு கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் அதே போட்டோக்களை வைத்து பணத்தைத் திரும்பக் கேட்டு டிஸ்பியூட் போடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, கடைக்காரர் “மேனேஜர் வரட்டும்” என்று நாளைக் கடத்துவது அதைத் தாண்டவைக்கத்தான்.