கார்ஸ் 2: பந்தயக் காரை முந்திக்கொண்ட இழுவை வண்டி

பிக்சார் அனிமேஷன் நிறுவனம் 2011 ஜூன் மாதம் வெளியிட்ட ‘கார்ஸ் 2’, பந்தயக் கார் லைட்னிங் மெக்வீனின் கதையைத் தொடரும் படமாக விளம்பரப்படுத்தப்பட்டாலும், உண்மையில் அது அவனுடைய நண்பனான துருப்பிடித்த இழுவை வண்டி மேட்டரின் படம். 2006இல் வந்த முதல் பாகத்தில் ஓரமாக நின்று சிரிக்க வைத்தவனை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, ஒரு முழு உளவுக் கதையையும் அவனுடைய கொக்கியில் மாட்டி இழுக்கச் சொல்லியிருக்கிறார் இயக்குநர் ஜான் லாசெட்டர். படம் வந்தபோது விமர்சகர்கள் பலரும் சுட்டிய குறையும் இதுதான். ஆனால் நீலகிரியில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த இடமாற்றம் அவ்வளவு பெரிய குற்றமாகத் தோன்றாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில், ரேடியேட்டர் கொதித்து, பின்னால் பேருந்தும் காய்கறி லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது, எவ்வளவு வேகமான காரை வைத்திருக்கிறோம் என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. சங்கிலியோடு வருகிற மீட்பு வண்டிக்காரர்தான் அந்த நேரத்து நாயகன்.

கதை இதுதான். எண்ணெய்த் தொழிலை விட்டுவிட்டு மின்வாகனமாக மாறியதாகச் சொல்லிக்கொள்ளும் செல்வந்தர் சர் மைல்ஸ் ஆக்ஸில்ராட், ‘ஆலினால்’ என்ற மாற்று எரிபொருளைப் பரப்புவதற்காக டோக்கியோ, இத்தாலியக் கடற்கரை நகரமான போர்ட்டோ கோர்சா, லண்டன் ஆகிய மூன்று இடங்களில் உலகப் பந்தயம் நடத்துகிறார். மெக்வீனுடன் போகும் மேட்டரை, பிரிட்டிஷ் உளவாளிகளான ஃபின் மெக்மிசைலும் ஹாலி ஷிஃப்ட்வெல்லும் அமெரிக்க உளவாளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவனோ தன் வாயில் வந்ததையெல்லாம் பேசுகிறான். அவர்களோ அதையெல்லாம் தேர்ந்த உளவாளியின் நடிப்பு என்று வியக்கிறார்கள்.

உளவுப் பகுதியின் தயாரிப்புத் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. நடுக்கடலில் இருக்கும் எண்ணெய்க் கிணற்று மேடையில், இருட்டில் ஃபின் ஊடுருவும் தொடக்கக் காட்சி, மனித நடிகர்களை வைத்து எடுக்கப்பட்ட பல உளவுப் படங்களைவிட நேர்த்தியாக அமைந்திருக்கிறது. துரத்துபவர்கள் சுற்றி வளைக்க, கடலில் குதித்து நீர்மூழ்கியாக மாறும் அவன், நான்கு டயர்களை மட்டும் மேலே மிதக்கவிட்டுத் தான் இறந்துவிட்டதாக நம்பவைத்து நழுவுகிறான். மைக்கேல் கெய்னின் குரலும் மைக்கேல் ஜியாக்கினோவின் இசையும் அந்த அறுபதுகளின் உளவுப் பட மிடுக்கைக் கச்சிதமாகக் கொண்டுவருகின்றன.

என்னை மிகவும் கவர்ந்தது முடிச்சு அவிழும் விதம்தான். இதற்குப் பிறகு வருவது கதையின் ரகசியம்; படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். லண்டனில் மேட்டரின் உடலில் வெடிகுண்டு பொருத்தப்பட்டிருக்கிறது. அதைக் கழற்ற வரும், மெக்வீனின் குழுவில் டயர் மாற்றும் கைடோவின் எந்தக் கருவியும் அந்த போல்ட்டில் உட்காரவில்லை. அந்த நொடியில்தான் மேட்டருக்குப் பொறி தட்டுகிறது: அவை விட்வொர்த் போல்ட்டுகள். லூகாஸ் மின் அமைப்பும் விட்வொர்த் போல்ட்டும் கொண்ட பழைய பிரிட்டிஷ் இன்ஜின் யாருடையது என்ற கேள்வியிலிருந்து, பசுமை பேசும் ஆக்ஸில்ராடே குற்றவாளி என்ற முடிவுக்கு அவன் வந்துசேர்கிறான். 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்மொழிந்த, 55 பாகைக் கோணத்தில் மரை வெட்டப்பட்ட இந்த போல்ட்டுகளின் தலை அளவும் வேறு; அதற்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாகப் பொருந்தாது. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளையோ எஸ்டேட் இயந்திரத்தையோ பிரித்துப் பார்த்த குன்னூர், கோத்தகிரிப் பட்டறைக்காரர் எவரும் இந்தக் காட்சியில் எழுந்து உட்காருவார். ஊரே முட்டாள் என்று ஒதுக்கியவனைக் காப்பாற்றுவது அதிர்ஷ்டமோ வெள்ளந்தி மனமோ அல்ல, பட்டறை அறிவு. குடும்பப் படங்களில் இப்படி ஒரு கைத்தொழில்காரனின் படிப்புக்கு மரியாதை கிடைப்பது அரிது.

இதற்கு இணையாக இன்னொரு சிறிய காட்சி இருக்கிறது. மாறுவேடம் போடுவதற்காக மேட்டரின் ஒடுக்குகளைச் சரிசெய்ய ஹாலி முன்வருகிறாள். அவன் மறுக்கிறான், ஒவ்வொரு ஒடுக்கும் நண்பன் மெக்வீனோடு இருந்தபோது விழுந்தது என்கிறான். டிங்கரிங், பெயிண்டிங் செலவுக்குப் பயந்து ஒடுக்கோடு வண்டி ஓட்டும் நம்மில் பலருக்கு இது ஒரு நல்ல சாக்காகவும் இருக்கலாம்.

பந்தயப் பகுதிதான் ஏமாற்றுகிறது. டோக்கியோவில் மண் தடத்தில் மெக்வீன் முன்னேறுவதும், ஃபார்முலா காரான பிரான்செஸ்கோ பெர்னூலி அங்கே திணறுவதும் நன்றாகத் தொடங்குகின்றன; ஆனால் ஹாலியிடம் மேட்டர் பேசியதைத் தனக்கான யோசனை என்று எண்ணி மெக்வீன் வெளிப்பக்கம் விலகித் தோற்றதும், கதை ஓட்டுநர் திறமையை மறந்துவிடுகிறது. போர்ட்டோ கோர்சாவின் வளைவுகளில் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், எங்கே முந்துகிறார்கள் என்று கவனிக்க விடாமல், கேமரா உளவாளிகளின் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் முதல் கியரில் இறங்கத் தெரிந்தவர்களுக்கு இது உண்மையிலேயே எரிச்சல் தரும். கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் களத்தில் இருந்ததும், கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்ததும் அதே 2011இல்தான். பந்தயத்தின்மீது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசை பிறந்திருந்த அந்த ஆண்டில், பந்தயத்தைச் சொல்லித் தரக்கூடிய படம் அதை வெறும் பின்புலமாக்கிவிட்டது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் எல்லா வயதினருக்கும் ஏற்றது என்ற சான்றிதழ் பெற்ற படம் என்றாலும், ஒரு உளவாளி நசுக்கப்பட்டுக் கனசதுரமாகத் தொங்கவிடப்படுகிறான். இன்னொருவன் விசாரணை மேடையில் கட்டப்பட்டு, இன்ஜின் வெடித்துச் சாகடிக்கப்படுகிறான். கார்கள்தானே என்று பெரியவர்கள் கடந்துவிடலாம். முதல் பாகத்தில் கண்ணும் வாயும் கொண்ட அந்தக் கார்களை மனிதர்களாகவே நேசிக்கப் பழகிய ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்படித் தோன்றாது. ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் தயங்க வேண்டியதில்லை.

எரிபொருள் அரசியலும் அரைவேக்காடுதான். தன்னிடம் இருக்கும் எண்ணெய் வயலுக்கு விலை ஏற வேண்டும் என்பதற்காக மாற்று எரிபொருளின் பெயரை ஒருவன் திட்டமிட்டுக் கெடுக்கிறான் என்ற கரு கூர்மையானது. ஆனால் துரத்தலும் வெடியும் முடிந்தபின் அதைப் பற்றி ஓரிரு வரிக்கு மேல் பேச யாருக்கும் நேரமில்லை.

முதல் பாகத்தில் மெக்வீனின் குருவான டாக் ஹட்சனுக்குக் குரல் கொடுத்த பால் நியூமன் 2008இல் மறைந்துவிட்டதால், மெக்வீன் வெல்லும் பந்தயப் பரிசான பிஸ்டன் கோப்பைக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சூட்டி, தொடக்கத்திலேயே சுருக்கமாக அஞ்சலி செலுத்திவிடுகிறார்கள். அந்த இழப்பை மெக்வீன் எப்படித் தாங்கினான் என்பதையும், வயதாகும் பந்தயக்காரனின் பயத்தையும் 2017இல் வந்த மூன்றாம் பாகம்தான் பொறுமையாகச் சொல்கிறது. அதில் உளவாளிகள் யாரும் இல்லை. பந்தயத்துக்காக மட்டும் பார்க்க விரும்புகிறவர்கள் முதல் பாகத்திலிருந்து நேராக அதற்குத் தாவிவிடலாம். மேட்டரைப் பிடித்துப்போனவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.