திருச்சியில ஃபயர் சிலிண்டர் ரீஃபில் பண்ற ஒரு கடை, ரெண்டு வருஷமா போய்ட்டு வர்ற அனுபவம்

உறையூர் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதா ஒரு மெஸ் நடத்துறோம், காலைல டிபன், மதியம் சாப்பாடு, அவ்ளோதான், மாஸ்டர் சப்ளையர் எல்லாம் சேத்து ஏழு பேர் வேலை பாக்குறாங்க. கிச்சன்ல தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் ஒண்ணு நாலு வருஷமா செவுத்துல தொங்குச்சு, வருஷா வருஷம் ஒரு ஆளு டூவீலர்ல வந்து எடுத்துட்டுப் போவாரு, ரெண்டு நாள்ல கொண்டாந்து மாட்டுவாரு, மேல புது ஸ்டிக்கர் புது தேதி இருக்கும், காசு வாங்கிட்டுப் போயிருவாரு. நாங்களும் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். ரெண்டு வருஷம் முன்னாடி லைசென்ஸ் ரினியூவல் நேரத்துல அந்த ஆளு போனே எடுக்கல, அப்பதான் பக்கத்து துணிக்கடைக்காரர் பாலக்கரை பக்கம் இருக்குற இந்தக் கடையைச் சொன்னாரு. கடை பேரையும் ஓனர் பேரையும் போடட்டுமான்னு அவருகிட்டயே கேட்டேன், பேரு வேணாம்மா விஷயத்தை மட்டும் எழுதுன்னுட்டாரு, அதனால அண்ணன்னே எழுதுறேன், தேவைப்படுறவங்க கேளுங்க, வழி சொல்றேன்.

கடை சின்னது, வாசல்லயே பெயிண்ட் வாசனை அடிக்கும், உள்ள பூரா சிலிண்டரு, ஒரு மூலைல பழைய கூம்பு மாடல் ஒண்ணு, பக்கத்துல அடி உருண்டையா இருக்குற மணல் வாளி ரெண்டு (தியேட்டர்ல வரிசையா தொங்குமே, அதேதான்). என் சிலிண்டரைக் கொண்டு போய் வச்சதும் அண்ணன் முதல்ல தேதியெல்லாம் பாக்கல, தூக்கித் தராசுல வச்சாரு. 6 கிலோ பவுடர் சிலிண்டர், காலி எடை எவ்ளோ நிரப்புன எடை எவ்ளோன்னு அதுலயே எழுதியிருக்கு, அதைக் காட்டிட்டு தராசைப் பாக்கச் சொன்னாரு, ஒரு கிலோவுக்கு மேல கொறையுது. அப்புறம் தலைகீழா கவுத்துக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருன்னாரு. ஆட்டுனா உள்ள மணல் மாதிரி ஓடுற சத்தம் வரணுமாம், எங்க சிலிண்டர்ல ஒண்ணுமே அசையல. என் கண்ணு முன்னாடியே கேஸை வெளியேத்தி, தலையைக் கழட்டி பேப்பர்ல கொட்டினாரு, கொஞ்சம் பவுடரும் மிச்சம் பூரா கட்டி கட்டியா, ஊறிக் காஞ்ச வெல்லம் மாதிரி இறுகிப் போய் கெடக்கு. நாலு வருஷமா ஸ்டிக்கர் மட்டும்தான் மாறியிருக்கு. நான் அழுதுட்டேன். அந்த அடுப்புகிட்ட தினமும் எங்க மாஸ்டர் நிக்கிறாரு, வடை போடுற அக்கா நிக்கிறாங்க, அவங்களுக்கு நான் இதைத்தான் மாட்டி வச்சிருந்தேன்.

அண்ணன் அந்த ஆளைப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. "தங்கச்சி, இனிமே யாருகிட்ட குடுத்தாலும், என்கிட்டயே குடுத்தாலும், எடை போட்டு வாங்கு"ன்னாரு. இப்ப வரைக்கும் அங்க போனா நான் கேக்காமயே தராசுல வச்சுக் காட்டிட்டுதான் பில்லு போடுவாங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே இத எழுதலாம்.

அடுத்து, நான் என்ன வேணும்னு கேட்டேனோ அதை அவரு விக்கல. இன்னும் ரெண்டு பவுடர் சிலிண்டர் பெருசா குடுங்கன்னேன். அவரு மெஸ்ஸைப் பாக்காம குடுக்க மாட்டேன்னு மறுநாள் சாயங்காலம் நேர்ல வந்தாரு. கிச்சனைச் சுத்திப் பாத்துட்டு முதல்ல கேட்டது பூரி சட்டிக்கு மூடி எங்கன்னுதான். எங்ககிட்ட மூடியே இல்ல, எதுக்கு மூடி, யாரு வைப்பா. எண்ணெய்ல தீப்புடிச்சா தண்ணி மட்டும் ஊத்திராதீங்க, எண்ணெய் கொதிக்கிற சூட்டுல தண்ணி அடிக்குப் போயி சட்டுனு ஆவியாகி எண்ணெயைத் தூக்கி மேல அடிக்கும், கூரை வரைக்கும் போகும், முதல்ல கேஸை நிறுத்து, மூடியை முன்னால பக்கமிருந்து தள்ளி மூடு, அப்பறம் தொறக்காத, ஆறட்டும்னாரு. பவுடர் அடிச்சா தீ அணையும், ஆனா எண்ணெய் சூடு கொறையாது, மறுபடி பத்திக்கும், அதுக்குன்னு தனியா கே டைப் ஒண்ணு இருக்கு, அது எண்ணெய் மேல பட்டா சோப்பு மாதிரி ஒரு படலம் கட்டி மூடிரும், விலை ஜாஸ்தி, பெரிய ஹோட்டலா இருந்தா கட்டாயம் வையின்னு சொல்லுவேன், உனக்கு இப்ப முதல்ல தகர மூடி வாங்கு, அது 200 ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்னு சொல்லிட்டாரு. மூடி அவரு விக்கிற பொருள் இல்ல. பெரிய கடை வீதியில நான் போய் வாங்குனேன்.

சிலிண்டரை அடுப்புக்கு மேலயே மாட்டியிருந்தோம், அதையும் மாத்தச் சொன்னாரு. தீ எரியிற இடத்துலயே மாட்டுனா எப்படி எடுப்ப, வாசப்படி பக்கம் மாட்டு, வெளில போற வழியில நின்னு அடிக்கணும், முதுகுக்குப் பின்னால வழி இருக்கணும், தீயைத் தாண்டி உள்ள போய் மாட்டிக்கக் கூடாதுன்னாரு. யோசிச்சுப் பாத்தா இது எவ்ளோ சின்ன விஷயம், ஆனா எங்க தெருவுல எல்லா ஹோட்டல்லயும் அடுப்புக்கு மேலதான் தொங்குது, போய்ப் பாருங்க. மெயின் போர்டு பக்கத்துக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் குடுத்தாரு, அதுல உள்ள இருக்குற அழுத்தத்தை முள்ளு காட்டுற கேஜ் இருக்காது, எடை போட்டுத்தான் தெரிஞ்சுக்கணும், நிரப்புன கேஸ்ல பத்துல ஒரு பங்கு கொறஞ்சாலே ரீஃபில் பண்ணணும்னாரு. அடிக்கும்போது அதோட புனல் உறைஞ்சு போற அளவுக்குக் குளிரும், அதைப் புடிச்சா கை புண்ணாயிரும், கைப்பிடியை மட்டும் புடின்னு ரெண்டு தடவ சொன்னாரு. கேஸ் டியூப்ப தேதி பாத்து மாத்தச் சொன்னாரு. கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையோட படிஞ்சு நிக்கும், வாசனை வந்தா ஃபேனு, லைட்டு எதையும் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, கதவைத் தொறந்துட்டு வெளிய போகணும்னு எங்க பசங்களை நிக்க வச்சு திரும்பத் திரும்பக் கேட்டாரு.

அப்பறம் எல்லாரையும் பின்னாடி காலி இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு, ஒரு தகரத் தட்டுல கொஞ்சம் டீசலும் பெட்ரோலும் ஊத்திக் கொளுத்திட்டு ஒவ்வொருத்தரா அடிங்கன்னாரு. நானே முதல்ல. பின்னைப் புடுங்காம லீவரைப் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்குறேன், ஒண்ணும் வரல, கை நடுங்குது. அந்தப் பிளாஸ்டிக் சீலை முறுக்கி அத்துட்டு பின்னை இழுக்கணும்னு நாலு வருஷம் கண்ணு முன்னாடி தொங்குன பொருள்ல எனக்குத் தெரியல. பின்னைப் புடுங்கு, தீயோட அடிக்குக் குறி வை, அமுக்கு, துடைப்பம் போடுற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசு, இதை எங்க சப்ளையர் தம்பி இப்பவும் பாட்டா சொல்லுவான். மேல எரியிற ஜ்வாலையில அடிச்சா எல்லாம் வீணா போயிரும், 6 கிலோ சிலிண்டர் முழுசா காலியாக 20 செகண்டு கூட ஆகாது, அதனால யோசிக்க நேரமே கிடையாது, கை பழகியிருக்கணும். இந்த ட்ரெய்னிங்குக்குத் தனியா காசு வாங்கல, பயன்படுத்துன சிலிண்டர் ரீஃபில் காசு மட்டும்தான். சிலிண்டர் வாங்குற எல்லாருக்கும் இதைச் செய்றாரு, வாங்காத ஸ்கூலுக்கும் செய்றாரு.

அவரு கதையைக் கொஞ்சம் கொஞ்சமா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எட்டாவதோட படிப்பை நிறுத்திட்டு சென்னைல பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கடையில எடுபிடியா சேந்திருக்காரு. அப்பல்லாம் அந்தக் கூம்பு மாடல்தான், உள்ள சோடா தண்ணி, நடுவுல ஒரு ஆசிட் பாட்டில், மேல குமிழைத் தரையில குத்துனா பாட்டில் ஒடஞ்சு ரெண்டும் கலந்து கேஸாகி தண்ணியைப் பீச்சியடிக்கும். ஆசிட் பாட்டில் மாத்தும்போது பட்ட தழும்பு அவரு இடது கையில இன்னும் இருக்கு. ஊருக்குத் திரும்பி வந்து சைக்கிள்ல மில்லு, தியேட்டர், பேங்க்குன்னு சுத்தி ரீஃபில் ஆர்டர் புடிச்சு, தன் கடையைப் போட்டிருக்காரு. இப்ப நாலு பசங்க வேலை பாக்குறாங்க, அதுல ரெண்டு பேரு முன்னாடி அவருகிட்ட வேலை பாத்தவரோட பிள்ளைங்க.

2004ஆம் வருஷம்தான் தன்னை மாத்திருச்சும்பாரு. அந்த ஜனவரி 23 ஸ்ரீரங்கத்துல கல்யாண மண்டபத்துல தீப்புடிச்சுது இல்லையா, மாடில போட்டிருந்த கீத்துப் பந்தல் பத்திக்கிச்சு, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல செத்துப் போனாங்க, எங்க ஊர்க்காரங்க யாரும் மறக்கல. ஆறே மாசத்துல ஜூலை 16, கும்பகோணம். சத்துணவு சமையல் கொட்டகையில புடிச்ச தீ மாடி கீத்துக் கூரைக்குத் தாவி 94 குழந்தைங்க. அண்ணன் அப்ப ஸ்கூல்களுக்கும் சிலிண்டர் விக்கிறதுக்காக அலைஞ்சிருக்காரு, நெறைய ஸ்கூல்ல செலவுன்னு வேணாம்னுட்டாங்களாம், நானும் விட்டுட்டு வந்துட்டேன், ஒரு நிமிஷம் உக்காந்து கூரையைப் பத்திப் பேசியிருக்கலாம் தங்கச்சின்னு சொல்லும்போது அவருக்குக் குரல் வரல. அதுக்கப்பறம்தான் கீத்துக் கூரையெல்லாம் ஸ்கூல்லேருந்து எடுக்கச் சொல்லி கவர்மெண்ட் உத்தரவு போட்டுச்சு. அண்ணன் அந்த வருஷத்துலேருந்து ஒவ்வொரு ஜூலை 16க்கும் கடையைச் சாத்திட்டு எதாவது ஒரு சின்ன ஸ்கூலுக்குப் போறாரு, காசு வாங்க மாட்டாரு, போன வருஷம் என் பொண்ணு ஸ்கூலுக்கு நான்தான் கூப்புட்டேன்.

அங்க போய் அவரு சிலிண்டரைப் பத்தி ரொம்பப் பேசல. குழந்தைங்களைத் தரையில தவழ விட்டாரு, புகை மேல போகும், நல்ல காத்து கீழதான் இருக்கும், குனிஞ்சு தவழ்ந்து போ, கண்ணை மூடிக்கிட்டே செவுத்தைத் தடவிக்கிட்டு வாசலுக்கு வான்னு ஒவ்வொரு கிளாஸா வெளிய வர வச்சாரு. சட்டைல தீப்புடிச்சா ஓடாத, நில்லு, படு, உருளு. ரெண்டாம் கிளாஸ் பசங்க உருண்டு உருண்டு யூனிஃபார்ம் பூரா மண்ணு. அதோட வாத்தியாருங்களைத் தனியா கூப்புட்டு, பின் கேட்டுல பூட்டு போட்டிருக்கே, சாவி யாருகிட்டன்னு கேட்டாரு. சாவி வாட்ச்மேன் வீட்டுல. அன்னிக்கே அந்தப் பூட்டைக் கழட்டிட்டு தாழ்ப்பாள் மட்டும் போட வச்சாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, மூணு வருஷமா என் புள்ள அந்தக் கேட்டுக்குள்ள இருந்திருக்கா.

ஏப்ரல் 14லேருந்து 20 வரைக்கும் தீத்தொண்டு வாரம் வரும், 1944ல பம்பாய் துறைமுகத்துல வெடிமருந்தும் பஞ்சும் ஏத்துன கப்பல் வெடிச்சுச்சே, அதுல செத்த தீயணைப்பு வீரர்கள் நினைவா கொண்டாடுறது. அந்த வாரம் ஃபயர் ஸ்டேஷன்காரங்க நடத்துற செயல்விளக்கத்துக்கு அவரு கடைப் பசங்க சிலிண்டரைத் தூக்கிட்டுப் போய் நிப்பாங்க. கோயில் திருவிழாப் பந்தலுக்கும் கேட்டா சும்மா கொண்டாந்து வச்சிட்டு, பந்தல்காரங்ககிட்ட ஒயரையும் ஜாயிண்டையும் பாத்துட்டுப் போவாரு. தீபாவளி நேரத்துல என்.எஸ்.பி. ரோட்டுல நடக்கவே முடியாது, ஃபயர் வண்டி உள்ள வர எப்படி முடியும், அதனால அந்தப் பக்கம் கடைக்காரங்களுக்கு முதல் ரெண்டு நிமிஷம் நீங்கதான் ஃபயர் சர்வீஸ்னு சொல்லி அக்டோபர்லயே கடை கடையா ஏறி எறங்குவாரு. அதே சமயம் 101க்கு போன் அடிக்காம நீங்களே அணைக்கப் பாக்காதீங்க, ஒருத்தர் அடிக்கும்போது இன்னொருத்தர் போன்ல இருக்கணும்னும் சொல்லுவாரு.

கொறையும் சொல்லிடறேன். சொன்ன நாளுக்கு சிலிண்டர் வராது, ஒரு வாரம்னா பத்து நாள் ஆகும், போன் பாதி நேரம் எடுக்க மாட்டாரு, கடைப் பசங்ககிட்ட கேட்டா அண்ணன் சைட்டுல இருக்காருன்னுவாங்க. விலை மத்த கடையை விட ஒரு சிலிண்டருக்கு 300, 400 கூட வரும். நமக்குச் சிலிண்டர் போயிட்டு வர்ற வரைக்கும் மாத்து சிலிண்டர் கேட்டு வாங்கணும், மறந்தா தர மாட்டாங்க, இதை அவங்களே ஞாபகமா குடுக்கணும்னு நான் அண்ணன்கிட்டயே சொல்லியிருக்கேன், பத்து நாள் வெறும் செவுரா இருந்தா யாருக்கு என்ன லாபம். அப்புறம் முக்கியமா, பேப்பர் மட்டும் போதும் சர்டிபிகேட் குடுங்கன்னு போனா வெறுங்கையோட அனுப்பிருவாரு. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் லாட்ஜுக்கு அப்படிக் கேட்டுப் போய் சண்டை போட்டுட்டு வந்தாரு, எனக்கு அது கொறையாத் தெரியல.

புதுசா வாங்குனா ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காட்டிக் குடுப்பாங்க, ஹைட்ராலிக் டெஸ்ட் (தண்ணி அழுத்தம் குடுத்து சிலிண்டர் தாங்குதான்னு பாக்குறது) எப்ப பண்ணணும்னு ஒரு கார்டுல எழுதித் தருவாங்க, எங்க பவுடர் சிலிண்டருக்கு மூணு வருஷம்னு போட்டிருக்கு, கார்பன் டை ஆக்சைடுக்கு அஞ்சு. மாசத்துக்கு ஒரு தடவ கேஜ் முள்ளு பச்சையில இருக்கான்னு பாத்து கையெழுத்துப் போட அதே கார்டுல கட்டம் இருக்கு, எங்க மெஸ்ல அதை வடை போடுற அக்காதான் போடுறாங்க, ஒண்ணாந்தேதி தவறாம, சிலிண்டரைக் கவுத்து ஆட்டி காதுல வச்சுக் கேட்டுட்டு.

ஞாயித்துக்கெழமை லீவு. ஜூலை 16 லீவு. மத்த நாள்ல காலைல 10 மணிக்கு மேல போங்க, வீட்டுலயோ கடையிலயோ தொங்குற பழைய சிலிண்டரையும் கையோட தூக்கிட்டுப் போங்க, அங்க தராசு இருக்கு.