கண்டியில் ஒருநாள் செயலமர்வு: காசுக்குத் தகுமா?

வருகை விரிவுரையாளர்களுக்கான இந்தச் செயலமர்வுக்கு 4,000 ரூபாய் கட்டி, ஹட்டனில் விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். மாணவரின் புலன் விருப்பத்துக்கு ஏற்பக் கற்பிப்பது எப்படி என்பதுதான் தலைப்பு.

காலையில், யாருக்கு எந்த வழியில் கற்க விருப்பம் என்று பார்க்கும் வார்க் (VARK) வினாக்கொத்து, 16 கேள்விகள். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் உருவாக்கியது. பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்தல் என்று நான்கு வகை. எனக்குச் செய்தல் வந்தது. அப்புறம், வகைக்கு ஏற்ப மாணவரைப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னார்கள். இங்கேதான் எனக்கு இடித்தது. அப்படிப் பொருத்திக் கற்பித்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லையென்று பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் நால்வர் 2008இலேயே எழுதிவிட்டார்கள். கேட்டேன். "தேநீர் இடைவேளையில் பேசுவோம் சேர்" என்றார் வளவாளர். பேசவில்லை.

மதியத்துக்குப் பிறகுதான் காசுக்கு மதிப்பு வந்தது. தேயிலை ஒட்சியேற்றப் பாடத்துக்குத் தேயிலைக் கொழுந்தைக் கையில் கொடுத்துக் கசக்கச் சொன்னார்கள். பச்சை மெல்லச் செம்பு நிறமானது, வாசனையும் மாறியது. பிறகு நொதியம், அது ஒட்சியேற்றும் கட்டெச்சின் என்ற கொழுந்துச் சேர்வை என்று பலகையில் சமன்பாடு. யாரையும் வகை பிரிக்கவில்லை, எல்லோருக்கும் எல்லாமே. ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வாசனையில் வளர்ந்த என் மாணவர்களுக்கு இதை அடுத்த வாரமே செய்யப்போகிறேன்.

சாப்பாடு சுமார், பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. பின்வரிசைக்குத் திரை தெரியவே இல்லை. பார்த்துக் கற்பவர்கள் பாவம்! பிற்பகல் மட்டும் 2,000 ரூபாய்க்கு வைத்தால் இன்னொரு தரம் போவேன்.