ஒரே 24.99 டாலர்: ஒன்றுக்கு வாழ்த்து, இன்னொன்றுக்கு வசை

கேம் விரிவாக்கங்களின், அதாவது மூல கேமோடு சேர்த்து ஆடத் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகளின், விலை பற்றிச் சண்டை வரும்போதெல்லாம் 'ஓசியில் கேட்கிறார்கள்' என்று விளையாடுகிறவர்கள் மீது பழி விழுகிறது. அந்தப் பழி நியாயமானதா என்று பார்க்க, ஒரே விலை ஒட்டப்பட்ட இரண்டு தொகுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, போலந்து நிறுவனமான சிடி புராஜெக்ட் ரெட்டின் 'தி விட்சர் 3'. 2015 ஏப்ரலில், மூல கேமே இன்னும் கடைக்கு வராத நிலையில், அதன் இரண்டு விரிவாக்கங்களையும் சேர்த்து 24.99 டாலருக்கு அறிவித்தார்கள். வராத கேமுக்கு எதற்கு இப்போதே விரிவாக்கம் என்ற முணுமுணுப்பு அப்போதும் எழுந்தது. சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள், கேமை விளையாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று நிறுவனமே சொன்னது. 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' சுமார் 10 மணி நேரம், 'பிளட் அண்ட் வைன்' சுமார் 20 மணி நேரம் என்று அளவையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தாடி அலங்காரம், கவசம், சிறு பணிகள் என்று 16 சிறிய இணைப்புகளை எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள்.

அந்த 24.99 டாலருக்குள் என்ன இருந்தது? 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' விரிவாக்கத்தில் ஒரு கல்யாண வீடு வரும். செத்துப்போன விளோதிமிர் என்பவனின் ஆவி கதாநாயகன் கெரால்ட்டின் உடலுக்குள் புகுந்துகொண்டு ஓர் இரவு முழுக்க ஆட்டம் போடும். எப்போதும் இறுகிய முகத்தோடு திரிகிற கெரால்ட் ஆடுவதும் அசடு வழிவதும் பெண்களிடம் கவிதை பேசுவதுமாக அந்த ஒரு மணி நேரம் போகும். கதையை எழுதியவர்கள் மனசார உழைத்திருக்கிறார்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். 2016 மே மாதம் வந்த 'பிளட் அண்ட் வைன்' தூசான் என்ற புது நாட்டையே திறந்துவிட்டது. கெரால்ட்டுக்குத் திராட்சைத் தோட்டத்தோடு ஒரு வீடும் கிடைத்தது. ஒரு விரிவாக்கம், அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த ரோல்பிளேயிங் கேம் விருதையே வென்றது.

இரண்டாவது, இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி 2023 ஆகஸ்ட் 31 அன்று 'டோட்டல் வார்: வார்ஹாமர் 3' என்ற போர் வியூக கேமுக்கு வெளியிட்ட 'ஷேடோஸ் ஆஃப் சேஞ்ச்'. அதுவும் 24.99 டாலர்தான். படையை நடத்தும் மூன்று தலைவர்களும் அவர்களுக்கான படைப்பிரிவுகளும் அதில் இருந்தன. எட்டு ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு குறைந்திருக்கிறது, சம்பளமும் செலவும் ஏறியிருக்கின்றன, உண்மைதான். போலந்துக் கேமோடு இதை ஒப்பிடுவது சரியில்லை என்று யாராவது சொன்னால், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஆத்திரம் கிளம்பியது போலந்தைப் பார்த்து அல்ல, அதே நிறுவனத்தின் பழைய கணக்கைப் பார்த்து. வார்ஹாமர் இரண்டாம் பாகத்தில் இரண்டு தலைவர்கள் கொண்ட தொகுப்பு 8.99 டாலருக்குக் கிடைத்தது. அதே 2023 ஏப்ரலில் 24.99 டாலருக்குக் கேயாஸ் குள்ளர்கள் என்ற முழு இனமே வந்தது. நான்கு மாதம் கழித்து, அதே விலைக்கு, ஏற்கெனவே இருக்கும் மூன்று இனங்களுக்கு ஆளுக்கொரு தலைவர். எடை குறைந்ததைக் கண்டுபிடிக்கத் தராசு தேவைப்படவில்லை. செலவு கூடிவிட்டது என்று நிறுவனம் சொன்ன விளக்கம், இந்த விலையை ஏற்காவிட்டால் இனிமேல் புதிதாக எதுவும் வராது என்ற மிரட்டலாகவே பலர் காதில் விழுந்தது. அது வெந்த புண்ணில் வேல். பிழைகள் திருத்தப்படாமல் கிடந்த கேமுக்கு வருடக்கணக்காகக் காசு கொடுத்தவர்களிடம் அந்தத் தொனியில் பேசியிருக்கக் கூடாது.

டிசம்பரில் மன்னிப்பு வந்தது. அதே நிறுவனத்தின் இன்னொரு கேமான 'டோட்டல் வார்: ஃபாரோ'வின் விலையைக் குறைத்து, முன்பே வாங்கியவர்களுக்கு வித்தியாசத் தொகையைத் திருப்பித் தந்தார்கள். 'ஷேடோஸ் ஆஃப் சேஞ்ச்' வாங்கியவர்களுக்கு 2024 பிப்ரவரியில் கூடுதல் நாயகர்களும் படைகளும் இலவசமாகச் சேர்ந்தன. ஏப்ரல் 30 அன்று வந்த அடுத்த தொகுப்பு 'த்ரோன்ஸ் ஆஃப் டிகே'யை மூன்றாகப் பிரித்து, வேண்டிய தலைவரை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். எம்பயர் என்ற இனத்துக்கு நிலத்தில் ஓடும் கப்பல், குள்ளர்களுக்கு வான்கப்பல் என்று பார்த்தவுடன் ஆசை வருகிற சரக்கும் இருந்தது. இந்தத் தொகுப்புக்குக் காசு கொடுக்காதவர்களுக்கும், தங்களுக்குத் தீங்கு செய்தவர்களைக் குள்ளர்கள் குறித்துவைத்துப் பழிதீர்க்கும் வஞ்சக் கணக்கு முறை புதுப்பித்துத் தரப்பட்டது. முன்பு ஆத்திரப்பட்ட அதே ஆட்கள்தான் வாங்கினார்கள், பாராட்டவும் செய்தார்கள். ஓசிக்கு அலைகிறவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள்.

பணத்தைத் திருப்பித் தருவது இன்னொரு வழி. 2024 மார்ச்சில் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2' என்ற நகரம் கட்டும் கேமுக்கு 9.99 டாலரில் 'பீச் ப்ராபர்ட்டீஸ்' வந்தது. கடற்கரை வீடுகள் இருந்தன, பனைமர வகைகள் இருந்தன, கடற்கரை மட்டும் இல்லை. மூல கேமே திணறிக்கொண்டிருந்த நேரம். ஏப்ரலில் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தந்து, அதை இலவசமாக்கினார்கள். நேர்மையான முடிவுதான். ஆனால் வாங்கியவர் கையில் இருந்ததை மேம்படுத்திக் கொடுத்த வழியையே நான் மேலாக நினைக்கிறேன். காசு திரும்பினாலும் கடற்கரை வந்துவிடவில்லை.

இன்று புதிதாக வாங்க நினைப்பவர் 'பிளட் அண்ட் வைன்' விரிவாக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வார்ஹாமர் பக்கம் போகிறவர் முதலில் மூல கேமை ஆடித் தனக்குப் பிடித்த இனம் எது என்று தெரிந்துகொண்டு, 'த்ரோன்ஸ் ஆஃப் டிகே'யில் அதற்குரிய ஒன்றை மட்டும் எடுக்கட்டும். 'ஷேடோஸ் ஆஃப் சேஞ்ச்' முன்பு இருந்ததைவிட இப்போது நிறைவாகவே இருக்கிறது. தள்ளுபடி வரும்போது வாங்கினால் போதும்.